இடம் தந்த திருநாள்

மார்கழி பிறந்துவிட்டால் நம் காலனியில் இரு வகை விழிப்பு உண்டாகிறது. வைகறையில் எழுந்து வாயில் தெளித்துக் கோலமிடும் தாய்மாரின் விழிப்பு ஒன்று. மாலையில் ஏணி தேடி, மின்கம்பி தேடி, தாளால் ஆன விண்மீனைக் கட்டித் தொங்கவிடும் சிறுவரின் விழிப்பு மற்றொன்று. முன்னதற்கு மாக்கோலப் பொடி போதும். பின்னதற்குத் தந்தையின் பணப்பையும், பக்கத்து வீட்டு ஏணியும், அன்னையின் அனுமதியும் வேண்டும். மூன்றும் எப்படியோ கிடைத்துவிடுகின்றன என்பதற்கு வாயில்தோறும் ஒளிரும் விண்மீன்களே சான்று.

கழக்கூட்டத்தில் விண்மீனைப் பார்த்து ஒரு வீட்டாரின் சமயத்தை அறிய முயல்வோர் ஏமாறுவர். முருகன் படம் மாட்டிய வீட்டிலும் விண்மீன் உண்டு. பிறை வரைந்த வீட்டிலும் உண்டு. எந்தக் கடவுளையும் வணங்காத அன்பர் வீட்டிலும், பிள்ளைகளின் வேண்டுகோளுக்கு இணங்கி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையோரக் கடைகளில் சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாய் அவை தொங்கும்போது, விலை கேட்பவரின் சமயத்தைக் கடைக்காரர் கேட்பதில்லை. பேரம் பேசுகிறாரா இல்லையா என்பது ஒன்றே அவர் கவலை. நம்மவர் பேரம் பேசாமல் வாங்குவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

பிறந்த மண்ணை விட்டு வந்து இங்குக் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நமக்கு இத்திருநாளின் பொருள் யாது? கிறிஸ்தவ அன்பர்க்கு அது வழிபாட்டு நாள். அதன் சமயப் பொருளை விளக்க அருள்தந்தையர் உளர். ஏனையோராகிய நாமும் அந்நாளில் ஏதோ ஒரு பங்கு கொள்கிறோம் அல்லவா? அப்பங்கின் பொருள் என்ன என்று வரலாற்றின் துணைகொண்டு சற்றே எண்ணிப் பார்ப்பது ஆண்டு மலருக்குப் பொருந்தும் எனக் கருதினோம்.

முதலில் நாளை நோக்குவோம். கிறிஸ்து பிறந்த நாள் இது, திங்கள் இது என்று விவிலியம் எங்கும் குறிக்கவில்லை. டிசம்பர் 25ஆம் நாளைக் குறிக்கும் மிகப் பழைய சான்று, 354ஆம் ஆண்டில் உரோமையில் தொகுக்கப்பெற்ற நாட்குறிப்பேடு ஒன்றில் உள்ளது. அதில் அடங்கிய செய்தி 336ஆம் ஆண்டைச் சார்ந்தது என்பர் ஆராய்ச்சியாளர். கீழைத் திருச்சபைகள் பல நெடுங்காலம் ஜனவரி 6ஆம் நாளையே கொண்டாடின. அர்மீனியர் இன்றும் அந்நாளை விட்டிலர். பழைய ஜூலியன் கணக்கைக் கைவிடாத திருச்சபையினர்க்கு இவ்விழா நம் நாட்காட்டியில் ஜனவரி 7ஆம் நாள் வருகிறது. ஆக, நாளிலேயே இவ்விழா ஓரிடத்தில் நிலையாக நின்றதில்லை. ஊர்விட்டு ஊர் சென்று, அந்தந்த ஊர்க் கணக்கில் குடியேறிய விழா அது.

சென்ற இடமெல்லாம் அதற்குச் சிறப்பு வரவேற்பு கிடைத்ததென்றும் சொல்வதற்கில்லை. 1647ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாடலாகாது என்று விலக்கியது. சமயத்தைத் தூய்மை செய்யப் புகுந்தோர், உண்டாட்டும் களியாட்டும் மிக்க அந்நாள் கிறிஸ்துவுக்கே பெருமை தராது என்று கருதினர். 1660இல் மன்னராட்சி மீண்டபோது விழாவும் மீண்டது. அமெரிக்காவில் மாசச்சூசெட்சுக் குடியேற்றத்திலோ, 1659 முதல் 1681 வரை, அந்நாளைக் கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதிக்கும் சட்டம் இருந்தது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958ஆம் ஆண்டில்தான். கிறிஸ்துமஸ் விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டதே என்று வருந்தும் நம் அலுவலக நண்பர்கள், இச்செய்தியைக் கேட்டு ஆறுதல் கொள்ளலாம்.

பெயரிலும் இவ்விழா ஒரு பயணியே. ஈழத் தமிழர் இதனை நத்தார் என வழங்குவர். பிறப்பு எனப் பொருள்படும் நத்தால் என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் தமிழ் வடிவம் அது. அச்சொல்லுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1497ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வாஸ்கோ டகாமாவின் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையை ஒட்டிச் சென்றுகொண்டிருந்தன. நாளின் பெயரையே அவர்கள் அக்கரைக்கு இட்டனர், அதுவே நேட்டால். அடுத்த ஆண்டு மே திங்களில் அதே கப்பல்கள் கோழிக்கோட்டை அடைந்தன. பின்னர் 1860ஆம் ஆண்டு, கரும்புத் தோட்டக் கூலிகளாய் நம்மவரை ஏற்றிய துரூரோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. கிறிஸ்து பிறப்பின் பெயர் தாங்கிய மண்ணில், வறுமையால் ஊர் பெயர்ந்த தமிழர் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கினர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த இடம் எத்தகையது என்பதைத் தென்னாப்பிரிக்க வரலாறு கூறும்.

நாளும் பெயரும் ஊர் பெயர்ந்தது போலவே அணிகளும் ஊர் பெயர்ந்தன. மாட்டுக் குடில் அமைத்துக் காட்டும் வழக்கத்தைப் பரப்பியவர் அசிசி நகரத்துப் பிரான்சிஸ். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரெச்சோ என்னும் சிற்றூரில், வைக்கோலும் எருதும் கழுதையும் கொண்டு அவர் அக்காட்சியை அமைத்தார். இங்கு மலையாளத்தார் அதனைப் புல்க்கூடு என்பர். நவராத்திரிக் கொலு அடுக்கிப் பழகிய நம் பிள்ளைகளுக்குப் புல்க்கூடு அமைப்பது புதுக்கலையன்று. கொலுவுக்கு வாங்கிய மண் பசுவே இரண்டு திங்கள் கழித்துக் கிறிஸ்துமஸ் குடிலிலும் சென்று படுத்துக்கொள்வதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். அப்பசுவுக்கு இரு சமயத்திலும் வேலை ஒன்றே: அசையாது நின்று அருள்மிகு காட்சியை நோக்குதல்.

இனி, செவ்வாடை அணிந்த முதியவர் இருக்கிறார். இன்றைய துருக்கி நாட்டின் பகுதியான மைரா நகரில், நான்காம் நூற்றாண்டில் ஆயராக விளங்கிய நிக்கோலாஸ் என்பாரே அவருடைய முன்னோர். பல நாடுகளைச் சுற்றி, வெண்தாடியும் கம்பளிச் சட்டையும் பெற்று, அவர் இங்கு வந்து சேர்ந்தார். நமக்கு அவர் கிறிஸ்துமஸ் தாத்தா. திருவனந்தபுரத்தார்க்குக் கிறிஸ்துமஸ் அப்பூப்பன். உறவுமுறை மாறவில்லை. டிசம்பரிலும் வியர்க்கும் இக்கடற்கரை ஊரில், கம்பளிச் சட்டையும் பஞ்சுத்தாடியும் அணிந்து, முரசொலிக்கும் இளைஞர் கூட்டத்தின் முன்னே ஆடிக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் அப்பூப்பனைக் காணுந்தோறும், தியாகம் என்னும் சொல்லின் பொருளை உணர்கிறோம்.

பலகாரத்தையும் மறத்தலாகாது. கேக்கு இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை என்பது இன்று கேரளத்தில் எழுதாத சட்டம். அதன் வரலாறு தலைச்சேரியில் தொடங்குகிறது. 1880ஆம் ஆண்டளவில் அங்கு ரொட்டிக்கடை தொடங்கிய மாம்பள்ளி பாப்பு என்பாரிடம், அஞ்சரக்கண்டித் தோட்டத்து ஆங்கிலேயர் பிரவுன் 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கு ஒன்றைக் காட்டி, அதுபோலச் செய்து தரக் கேட்டார். பாப்புவும் நம் நாட்டு வாசனைப் பொருள்களையும் பழங்களையும் சேர்த்துச் செய்து கொடுத்தார் என்பது அக்குடும்பத்தார் சொல்லிவரும் செய்தி. ஆங்கிலேயர் விழாவுக்குரிய பண்டத்தைக் கிறிஸ்தவரல்லாத ஒரு மலையாளி தம் அடுப்பில் சுட்டுத் தர, அதுவே கேரளத்தின் சொந்தப் பண்டமாயிற்று. நம் நாஞ்சில் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களோ முந்திரிக்கொத்து இல்லாத கிறிஸ்துமஸை ஏற்பதில்லை. பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும் உருண்டு திரண்டு மாவாடை உடுத்த அப்பண்டம் எந்த ஐரோப்பிய அடுக்களையிலும் பிறந்ததன்று. நாம் அச்சு முறுக்கு என்பதை இவர்கள் அச்சப்பம் என்கின்றனர். பெயர் எதுவாயினும் தட்டு காலியாகும் விரைவு ஒன்றே.

இவ்வாறு நாளும் பெயரும் அணியும் உணவும் இடத்துக்கு இடம் வேறுபடும் ஒரு விழாவில், வேறுபடாது நிற்பது எது? அதன் நடுவே உள்ள கதைதான். அக்கதையைச் சமய நூலாக அன்றி, ஒரு குடும்பத்தின் கதையாகவே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

நாசரேத்து என்னும் ஊரில் ஒரு தச்சர் வாழ்கிறார். பேரரசர் குடிக்கணக்கு எடுக்க ஆணையிடுகிறார். ஒவ்வொருவரும் தம் முன்னோர் ஊருக்குச் சென்று பெயர் பதிய வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கவும், பங்கீட்டு அட்டையை மாற்றவும், சொந்த ஊர் அலுவலகத்துக்கும் இவ்வூர் அலுவலகத்துக்கும் நடந்து பழகிய நமக்கு அத்தச்சரின் நிலை நன்கு விளங்கும். நிறைமாதத் துணைவியுடன் அவர் பெத்லகேமுக்குப் புறப்படுகிறார். தொலைவு நூறு கிலோமீட்டருக்கும் மேல். கழக்கூட்டத்திலிருந்து நாகர்கோயிலைத் தாண்டி, நெல்லையை நோக்கிச் செல்லும் வழித்தொலைவு என்று கொள்ளலாம். பேருந்து இல்லை, தொடர்வண்டி இல்லை. சென்று சேர்ந்தபோது தங்கும் விடுதியில் இடமும் இல்லை. பிறந்த பிள்ளையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினர். காண வந்த முதல் விருந்தினர், இரவில் மந்தை காத்த இடையர். சில நாளில் அரசனின் வாளுக்கு அஞ்சி, அக்குடும்பம் எல்லை கடந்து எகிப்து நாட்டில் தஞ்சம் புகுந்தது. பிறந்த குழந்தையின் முதல் முகவரி மாட்டுக்கொட்டில். இரண்டாம் முகவரி அயல்நாடு.

வாடகை வீடு தேடி அலைந்தவருள் இக்கதையைக் கேட்டு நெஞ்சம் கசியாதார் யார்? பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, உண்ணும் உணவைக் கேட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, இறுதியில் வீடு காலியில்லை என்று கூறப்பெற்ற பட்டறிவு நம்முள் பலர்க்கு எங்கோ ஓரூரில் வாய்த்ததே. பெத்லகேம் விடுதியாளர் கொடியவர் என்று நூல் எங்கும் கூறவில்லை. அவர்க்கும் அவருக்குரிய காரணங்கள் இருந்திருக்கும். இடமில்லை என்று கூறுவோர் பெரும்பாலும் நல்லவரே. அதுவே இக்கதையின் கூர்மை.

இக்கதை தமிழுக்கு வந்தபோது தமிழ் அதற்கு எவ்வாறு இடம் தந்தது என்பது பெருமையுடன் எண்ணத்தக்கது. அவ்வரலாறு நாம் வாழும் இக்கரையோடு இணைந்தது. 849ஆம் ஆண்டில், வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமையும் அளித்துச் செப்பேடு பொறித்தார். பள்ளியை எடுப்பித்தவர் கடல் கடந்து வந்த மார் சபீர் ஈசோ. வட்டெழுத்தில் அமைந்த அச்செப்பேட்டின் மொழி, தமிழும் மலையாளமும் ஒரே கொடியின் இரு கிளைகளாய்ப் பிரிந்துகொண்டிருந்த காலத்தது. வந்தவர்க்கு இடம் தருவதை வாய்ச்சொல்லாக விடாமல் செம்பில் எழுதி வைத்த மண் இது.

1544ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் கால்நடையாகச் சென்றார். ஒரு திங்களில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மீனவர் திருமுழுக்குப் பெற்றதாக அவரே மடல் எழுதினார். முத்துக்குளித்துறையில் பிறர் துணையுடன் தமிழில் ஆக்கி, நெட்டுருச் செய்த வேண்டுதல்களே அவர் கையில் இருந்த கருவி. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், அண்டிரிக்கி அடிகள் ஆக்கிய தம்பிரான் வணக்கம் என்னும் பதினாறு பக்கத் தமிழ் நூல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய எழுத்துக்களைக் கொண்டு இந்திய மண்ணில் அச்சான முதல் நூல்களுள் நமக்கு இன்று கிடைப்பவற்றில் மூத்தது அதுவே. தமிழின் அச்சு வரலாறு சென்னையிலும் மதுரையிலும் தொடங்கவில்லை. நம் காலனியிலிருந்து காலை வண்டி ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அடையக்கூடிய கொல்லத்தில் தொடங்கியது. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கும்போது இச்செய்தியையும் சேர்த்துக் கற்பிப்பது நன்று.

1726ஆம் ஆண்டளவில் வீரமாமுனிவர் தேம்பாவணி பாடி முடித்தார். இத்தாலியிற் பிறந்த அவர், மேற்கூறிய தச்சரையே வளன் எனப் பெயரிட்டுக் காப்பியத் தலைவராக்கினார். 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட அந்நூலில் யூதேய நாடு தமிழ்நாடு போலவே வயலும் வாவியும் சோலையும் சூழக் காட்சி தருகிறது. விடுதியில் இடம் கிடைக்காத தச்சருக்குத் தமிழ்க் காப்பியத்தில் தலைமை இடம் கிடைத்தது. பாடியவரும் வெளிநாட்டிலிருந்து வந்தவரே என்பது அதன் சுவையை மிகுவிக்கிறது.

நூலும் செப்பேடும் ஒருபுறம் இருக்க, இடம் தருதல் என்னும் இச்செயல் நம் கண்ணெட்டும் தொலைவில், நம்முள் மூத்தோர் பலரின் வாழ்நாளிலேயே நிகழ்ந்தது. அதுவே இக்கட்டுரையின் உள்ளீடு.

கழக்கூட்டத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் தும்பா என்னும் கடற்கரை. 1962ஆம் ஆண்டளவில் அது தென்னையும் மணலும் மீனவர் குடில்களும், மகதலா மரியாளின் பெயரால் அமைந்த ஒரு கோயிலும் கொண்ட சிற்றூர். புவியின் காந்தநடுக்கோடு அவ்வூரை ஒட்டிச் செல்கிறது. மேல் வளிமண்டலத்தை ஆராய்வதற்கு அதனினும் ஏற்ற இடம் அரிது. இந்தியாவில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க இடம் தேடிய விக்கிரம் சாராபாய் அவ்வூரைத் தேர்ந்தார். ஆனால் அறிவியலார் கண்ட அவ்விடத்தில் மக்களின் கோயில் இருந்தது; கல்லறைகள் இருந்தன; வீடுகள் இருந்தன.

சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவை அணுகினார். அதன்பின் நிகழ்ந்ததை அப்துல் கலாம் பின்னாளில் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார். ஆயர் உடனே ஆம் என்றோ இல்லை என்றோ கூறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு வருமாறு கூறினார். அந்நாளில் கூடியிருந்த மக்களிடம் அறிவியலின் பயனையும் நாட்டின் தேவையையும் விளக்கி, கோயிலையும் ஆயர் இல்லத்தையும் வீடுகளையும் விட்டுக் கொடுக்கலாமா என வினவினார். மக்கள் ஒரே குரலில் ஆமென் என்று இசைந்தனர் என்பது கலாம் தரும் செய்தி. குடும்பங்கள் அருகே பள்ளித்துறையில் குடியமர்ந்தன. அங்கே புதிய கோயிலும் எழுந்தது.

பழைய கோயில் ராக்கெட் நிலையத்தின் முதல் அலுவலகமாயிற்று. வழிபாட்டுக்கூடம் தமக்கு முதல் ஆய்வுக்கூடமாகவும், ஆயரின் அறை வடிவமைப்புக் கூடமாகவும் அமைந்ததாகக் கலாம் தம் வரலாற்றில் எழுதினார். மாட்டுக்கொட்டகையும் ஆய்வுக்கூடமாயிற்று என்பர். ராக்கெட்டின் உறுப்புகள் மிதிவண்டியில் சென்றன. 1963 நவம்பர் 21ஆம் நாள் அந்திப்பொழுதில், அமெரிக்கா தந்த நைக்கி அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. அது வானில் பரப்பிய சோடிய ஆவி செம்மஞ்சள் ஒளி முகிலாய் விளங்க, கீழே நின்றோர் அண்ணாந்து நோக்கினர்.

கிறிஸ்துமஸுக்கு ஏறத்தாழ ஒரு திங்கள் முன்னர் வானில் ஓர் ஒளி. தரையில் ஒரு மாட்டுக்கொட்டகை. கடற்கரையில் எளிய மக்கள். தொலைவிலிருந்து வந்த அறிஞர் சிலர். அகமதாபாத்திலிருந்து சமண குடும்பத்துச் சாராபாய். இராமேசுவரத்திலிருந்து இசுலாமியத் தமிழர் கலாம். இடையே கத்தோலிக்க ஆயர். விவிலியத்து ஞானியர் விண்மீனைத் தேடிக் கீழைத் திசையிலிருந்து கொட்டிலுக்கு வந்தனர் என்பர். நம் ஞானியரோ கொட்டிலில் அமர்ந்து விண்மீனை நோக்கி வழி தேடினர். புராணிகர் ஒருவர் கையில் இக்காட்சி கிடைத்திருந்தால் ஒரு தலபுராணமே பாடியிருப்பார்.

நகை ஒருபுறம் இருக்க, இதில் நாம் ஆழ்ந்து எண்ணவேண்டியது ஒன்றுண்டு. பெத்லகேமில் இடம் இருந்தவர் இடமில்லை என்றனர். தும்பாவில் மிகுதியாக இடம் இல்லாதவர்கள், தாம் திருமுழுக்குப் பெற்ற கோயிலையும் மணந்த பீடத்தையும் முன்னோரின் மண்ணையும் விட்டுத் தந்தனர். ஏவுதளத்தால் ஆங்கே கடற்புறத்து வாழ்வு எளிதாகிவிடவில்லை. கடலும் அலையும் வலையும் பழையபடியே அவர்களுக்கு இருந்தன. எனினும் அவர்கள் தந்த இடத்தில் எழுந்த நிலையமே, 1971 டிசம்பர் 30ஆம் நாள் கோவளத்தில் சாராபாய் மறைந்தபின் அவர் பெயரைத் தாங்கி, விக்கிரம் சாராபாய் விண்வெளி மையமாக வளர்ந்தது. அக்கோயில் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாய் நிற்கிறது.

நம் குடும்பங்களுள் பல இம்மையத்தின் வேலையை நாடி இவ்வூர்ப்புறம் வந்தவை. சில, 1990ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டெக்னோபார்க்கின் வேலையை நாடி வந்தவை. சில குடும்பத்தார்க்கு, 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை திருவனந்தபுரமே தலைநகர். அவர்கள் வந்தேறினர் என்பதைவிட எல்லைக்கோடு அவர்களைத் தாண்டிச் சென்றது எனலாம். எட்டுவீட்டுப் பிள்ளைமாருள் ஒருவரான கழக்கூட்டத்துப் பிள்ளையின் பெயரால் வரலாற்றில் இடம் பெற்ற இவ்வூரில், இன்று நாம் தமிழ் பேசி, பொங்கலிட்டு, சங்கம் அமைத்து, மலர் வெளியிடுகிறோம். நம் பிள்ளைகளின் கல்வி, நம் வீட்டு அடுப்பு, இம்மலரின் அச்சுக்கூலி ஆகிய எல்லாவற்றின் அடியிலும், நமக்குப் பெயர் தெரியாத ஒரு கடற்கரைக் குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்ன ஆமென் ஒன்று இருக்கிறது.

அக்கடற்கரை மக்களைப் பற்றி மேலும் இரு செய்திகள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியது. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் ஆகிய இரு மாவட்டக் கடற்கரைகளிலிருந்தும் சென்ற மீனவர் பலர் மீளவில்லை. கடலில் தமிழ் மீனவரென்றும் மலையாள மீனவரென்றும் புயல் பிரித்துப் பார்க்கவில்லை. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் கரையோர ஊர்களில் கண்ணீரோடு கழிந்தது. ஓராண்டும் நிறையவில்லை, 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அதே கரையின் மீனவர் தம் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றிக்கொண்டு தாமாகவே புறப்பட்டனர். செங்ஙன்னூர் முதலிய ஊர்களில் மாடியிலும் கூரையிலும் தவித்தோரைத் தம் படகில் இடம் தந்து மீட்டனர். படகில் ஏற வந்தவரின் சாதியையும் சமயத்தையும் மொழியையும் அவர்கள் கேட்டிலர். வீடு வாடகைக்கு விடுவோர் கேட்கும் கேள்விகளுள் ஒன்றுகூடப் படகு விடுவோர் வாயில் எழவில்லை.

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பதே பொருள். புதிதாக வந்தவரே விருந்தினர். உறவினரை உண்பிப்பது கடமை. புதியவரை ஏற்பதே விருந்தோம்பல். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இன்று கேரளத்தில், வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலை தேடி வருவோரை அதிதித் தொழிலாளர் என அரசு அழைக்கிறது. விருந்தினர் என்பதே அதன் பொருள். பெயர் நன்று, பெயருக்கு ஏற்ற இடம் கிடைக்கிறதா என்பதே வினா. நம் காலனிக்கு அருகே எழும் அடுக்குமாடிகளைக் கட்டுவோர் அவர்கள். பத்துப்பேர் ஒரே அறையில் உறங்கி, விடியுமுன் எழுந்து, நாம் கோலமிடும் வேளையில் நம் வாயிலைக் கடந்து செல்கின்றனர். அவர்கள் பேசும் மொழி நமக்குப் புரிவதில்லை. நம் முன்னோர் இங்கு வந்திறங்கியபோது அவர்கள் பேசிய மொழியும் பலருக்குப் புரிந்திராது.

ஆகவே அன்பர்களே, கிறிஸ்துமஸின் பொருள் யாது என்று எம்மைக் கேட்பீராயின், இடம் கொடுத்தல் என்போம். விண்மீன் கட்டுவது எளிது. ஏணி கிடைத்தால் போதும். கேக்கு உண்பது அதனினும் எளிது, ஏணியும் வேண்டியதில்லை. வாயிலில் நிற்கும் புதியவர்க்குத் திண்ணையில், பேச்சில், பந்தியில், நெஞ்சில் சிறிது நகர்ந்து இடம் விடுவதுதான் அரிது. தொடர்வண்டியில் நால்வர் அமரும் இருக்கையில் ஐந்தாமவர்க்கு இடம் விடும் நம் பழைய வழக்கத்தையே எண்ணுங்கள். முதலில் முகம் சுளிப்போம். பின்னர்ச் சற்று நகர்வோம். மூன்றாம் நிலையத்தில் அவர் ஊர் கேட்போம். ஐந்தாம் நிலையத்தில் அவர் பொட்டலத்திலிருந்து நாமும், நம் பொட்டலத்திலிருந்து அவரும் உண்போம்.

இவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள், வழக்கம்போல் தட்டுகள் வீட்டுக்கு வீடு செல்லும். கேக்கு சென்ற தட்டில் முறுக்கு திரும்பும். தட்டை வெறுமையாகத் திருப்புவது தமிழர்க்கும் மலையாளிகளுக்கும் ஒருங்கே பழியாதலின், அப்போக்குவரத்து புத்தாண்டு வரை நீளும். அத்தட்டுகளுள் ஒன்று காலனியின் மதிலைத் தாண்டிச் செல்லட்டும். சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில், அருகே கட்டட வேலை செய்யும் அயல்மாநிலத்து அன்பர்க்கும் இலை விரியட்டும். தை முதல் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளைத் தும்பாவின் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும்போது, ராக்கெட்டுகளைக் காட்டிய பின்னர் அக்கோயிலின் சுவரையும் காட்டுங்கள். இச்சுவரை நமக்கு விட்டுத் தந்தவர்கள் பள்ளித்துறையில் இருக்கின்றனர் என்று கூறுங்கள். திரும்பும் வழியில் அப்பள்ளித்துறையில் சற்று நின்று, மீன் வாங்கிக்கொண்டு வாருங்கள். அங்கு மட்டும் பேரம் பேசாதீர்கள்.